ஸ்டவ் வெடித்தது

இரண்டே சொற்கள் கொண்ட ஒரு வாக்கியத்தைப் பற்றி எழுதுகிறேன். 'ஸ்டவ் வெடித்தது.' நாற்பது ஐம்பது வருஷங்களுக்கு முன் வந்த தொடர்கதைகளைப் படித்தவர்களுக்கு இது பழகிய வாக்கியம்தான். கதாசிரியனுக்கு ஒரு மருமகள் பாரமாகிவிட்டால், அவளை அடுப்பங்கரைக்கு அனுப்பி இந்த இரண்டு சொற்களைப் போட்டுவிடுவான். அடுத்த அத்தியாயத்தில் கூடத்துச் சுவரில் மாலை போட்ட படம் ஒன்று தொங்கும். பிறரைச் சொல்வானேன்? 1978இல் ஒரு வாரப் பத்திரிகைக்கு நான் எழுதிய நாவலிலும் 31ஆம் அத்தியாயம் இப்படித்தான் முடிகிறது. அந்த நாவலை இப்போது மறுபதிப்புச் செய்கிறார்கள். அச்சுப் பிழை பார்க்க வந்த தாள்கள் மேஜைமேல் கிடக்கும்போதுதான் ஒரு பழைய ஸ்டவ் என் கைக்கு வந்து சேர்ந்தது.

நான் குடியிருப்பது நந்தனத்தில். நந்தன வருஷத்தில், அதாவது 1952-53இல், முதலமைச்சராக இருந்த ராஜாஜி இந்தப் பேட்டைக்கு வருஷத்தின் பெயரையே வைத்துவிட்டார். ஹாரி குரோ பக் என்பவர் 1920இல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி இங்கேதான் இருக்கிறது. புத்தகக் கண்காட்சி நடந்த மைதானம் என்றால் வாசகர்களுக்குச் சட்டென்று புரியும். அந்தக் கல்லூரியில் படித்து, டிரில் மாஸ்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் எங்கள் வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் இருக்கிறார். பையன்களை முகாமுக்கு அழைத்துப்போன நாட்களில் வைத்திருந்த ஸ்டவ்வை ஒருநாள் கொண்டுவந்து நீட்டினார்.

"நீங்க பழசையெல்லாம் எழுதறவரு சார். வச்சுக்குங்க. ஆனா அலமாரியிலே அழகுக்கு வைக்கிறதுன்னா தரமாட்டேன். இது எரியணும்."

சின்ன ஸ்டவ். பித்தளைத் தொட்டி, கால்களைத் திருகிக் கழற்றித் தகரப் பெட்டிக்குள் அடக்கிவிடலாம். ஸ்வீடன் தேசத்துச் சரக்கு. அந்த நாட்டு லிண்ட்க்விஸ்ட் என்பவர் 1892இல் ஸ்டாக்ஹோமில் உருவாக்கிய பிரைமஸ் ஸ்டவ்வின் வம்சம். 1911இல் அமுண்ட்சென் தென்துருவம் போனபோதும், 1953இல் எவரெஸ்ட் ஏறியபோதும் பனியை உருக்கித் தண்ணீராக்கியது பிரைமஸ்தான். நம் வீடுகளில் புஸ்ஸென்று இரைந்த பம்ப் ஸ்டவ்வும் அதே ஜாதி. உருவத்தில்தான் பெரிது.

பித்தளையைக் கண்டதும் எனக்குப் புளி ஞாபகம்தான் வந்தது. ஒரு கை தேய்த்தால் தங்கம்போல ஆகிவிடும் என்று எழுந்தேன். டிரில் மாஸ்டர் தடுத்தார். "பளபளப்பைக் கடைசியிலே பார்த்துக்கலாம் சார். முதல்லே பிரிங்க."

நாலு ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன. பம்பை உருவினால், உள்ளே இருக்கும் தோல் வாஷர் காய்ந்து சருகாயிருந்தது. அதை எண்ணெயில் ஊறப் போட்டோம், தேறவில்லை. பாரிமுனைச் சந்து ஒன்றில் புதிது வாங்கினோம். பம்பின் அடியில், காற்றை உள்ளே விட்டு எண்ணெயை வெளியே விடாத ஒரு சின்ன அடைப்பு உண்டு. அதன் ரப்பர் கல்லாகியிருந்தது. தொட்டிக்குள் பழைய மண்ணெண்ணெய் பிசினாக இறுகிக் கிடந்தது. பர்னர் நடுவில் கால் மில்லிமீட்டரைச் சற்றே தாண்டிய ஒரு துவாரம், அதில் கரி. பின் போட்டு அதை எடுக்கவே ஒரு பகல் போயிற்று. எல்லாம் முடிந்தபின் காற்றடித்து, வாளித் தண்ணீரில் முக்கி, எங்காவது குமிழி வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை. தொட்டியின் பக்கத்தில் ஒரு நசுங்கல் இருந்தது. அதை எடுக்கலாமா என்று கேட்டேன். "அது ஏலகிரியிலே விழுந்தது. அதனாலே சுடருக்கு ஒண்ணும் குறையில்லை. இருக்கட்டும்" என்றார்.

ஏற்றுவதற்கும் முறை இருக்கிறது. கிண்ணத்தில் ஸ்பிரிட்டை ஊற்றிக் கொளுத்தி முதலில் பர்னரைச் சுட வைக்க வேண்டும். பிறகு பம்ப் அடித்தால் எண்ணெய் சூடான குழாய்க்குள் ஏறி ஆவியாகித் துவாரம் வழியே பீறிட்டு, காற்றோடு கலந்து நீலமாக எரிகிறது. பர்னர் சுடுவதற்குமுன் அவசரப்பட்டால் ஆவிக்குப் பதில் எண்ணெயே சீறும். மஞ்சள் ஜுவாலை முகத்துக்கு எழும்பும். முதல் தடவை நான் அப்படித்தான் செய்தேன். துள்ளி விலகி, "வெடிச்சுடுமா சார்?" என்று கத்திவிட்டேன்.

அவர் நிதானமாகக் கை நீட்டித் தொட்டியின் மூடிமேல் இருந்த திருகைத் திறந்தார். உஸ்ஸென்று காற்று போயிற்று, நெருப்பு உட்கார்ந்துவிட்டது.

"இந்தத் திருகைக் காட்டிக் கொடுக்காம ஒரு பையனைக்கூட இதுகிட்டே விட்டதில்லே சார்."

என் கதாநாயகிக்கு அந்தத் திருகை யாரும் காட்டவில்லை. அப்படி ஒன்று இருப்பது அவளை எழுதிய எனக்கே தெரியாது.

ஸ்டவ்வினால் விபத்தே நடக்கவில்லை என்று சொல்ல வரவில்லை. பற்றுவைத்த இடம் விட்டுப் போகலாம். எரியும்போதே மூடியைத் திறந்து எண்ணெய் ஊற்றலாம். மண்ணெண்ணெயில் பெட்ரோல் கலந்திருக்கலாம். நைலான் புடவைத் தலைப்பு பறந்து விழலாம். அப்படிச் செத்தவர்கள் உண்டு. ஆனால் இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. அதைத் தேடிப் போனால் பெரும்பாலும் ஒரு மனிதக் கை தென்படும். 'ஸ்டவ் வெடித்தது' என்ற வாக்கியத்தில் அந்தக் கை இல்லை. ஸ்டவ்வே எழுவாய், ஸ்டவ்வே குற்றவாளி.

என் நாவலில் முப்பது அத்தியாயம் வரை மாமியார் ஸ்கூட்டர் கேட்கிறாள், கணவன் முகம் திருப்புகிறான், மாமனார் பேப்பர் படிக்கிறார். எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறேன். 31ஆம் அத்தியாயத்தில் இரண்டே சொற்களில் மூவரையும் விடுதலை செய்துவிட்டேன். கதை எழுதுகிறவன் செய்யக்கூடாத காரியம் இது.

நிஜ வீடுகளிலும் இதே வாக்கியத்தைத்தான் போலீஸாரிடம் சொன்னார்கள். வரதட்சிணையைத் தடை செய்த சட்டம் 1961இலேயே வந்துவிட்டது, வாக்கியம் அசையவில்லை. 1979இல் டில்லியில் பெண்கள் தெருவில் இறங்கி, இது விபத்தல்ல, கொலை என்று கோஷமிட்டார்கள். 1983இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 498-ஏ பிரிவும், 1986இல் வரதட்சிணைச் சாவுக்கென்று 304-பி பிரிவும் சேர்ந்தன. கல்யாணமாகி 7 வருஷத்துக்குள் ஒரு பெண் தீக்காயத்தாலோ இயல்புக்கு மாறாகவோ இறந்து, அதற்குச் சற்று முன் வரதட்சிணைக்காக அவளைக் கொடுமைப்படுத்தியது தெரிந்தால், புகுந்த வீட்டார்தான் பதில் சொல்லியாக வேண்டும். அந்தத் தண்டனைச் சட்டம் 2024இல் போய் வேறு சட்டம் வந்த பிறகும் அந்த விதி இருக்கிறது. எழுத்தாளர்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைத் தெருவில் நின்ற பெண்கள் கேட்டார்கள். சட்டம் அவர்களுக்குப் பின்னால் வந்தது. நாங்கள் அதற்கும் பின்னால் வந்தோம்.

இன்றைக்கு நகரத்து வீடுகளில் காஸ் அடுப்புதான். பம்ப் ஸ்டவ் ஞாபகப் பொருளாகிவிட்டது. அதைப்பற்றி வரும் கட்டுரைகளைப் படிக்கிறேன். விடியற்காலை இரைச்சல், டிகாக்ஷன் வாசனை, பாட்டியின் கை! நன்றாகத்தான் எழுதுகிறார்கள். ஆனால் எல்லாம் புளி போட்டுத் தேய்த்த பித்தளை. உள்ளே வாஷர் எப்படி இருக்கிறதென்று ஒருவரும் பிரித்துப் பார்ப்பதில்லை. அன்று நாங்கள் ஸ்டவ்வின்மேல் பழியைப் போட்டோம். இன்று இவர்கள் அதைப் பூஜையில் வைக்கிறார்கள். அடுப்பின் எதிரே உட்கார்ந்திருந்தவளை அன்றும் பார்க்கவில்லை, இன்றும் பார்க்கவில்லை.

பழைய நாவலைத் திருத்தலாமா என்று நண்பர்களுக்குள் பேச்சு வந்தது. அன்றைய எழுத்து அன்றைய சாட்சி, தொடக்கூடாது என்றார் ஒருவர். நியாயம்தான். என் நாவலில் நசுங்கல்கள் நிறைய இருக்கின்றன. கதாநாயகன் கடற்கரையில் பேசும் பேச்சு இப்போது எனக்கே கூசுகிறது. அவற்றில் கை வைக்கவில்லை, இருக்கட்டும். ஆனால் அந்த இரண்டு சொற்கள் நசுங்கல் அல்ல, செத்துப்போன வாஷர். அதை வைத்துக்கொண்டு நாவல் எரியாது. ஆகவே அதை மட்டும் எடுத்துவிட்டேன். மாற்றியதை முன்னுரையிலும் சொல்லியிருக்கிறேன்.

புதிய பதிப்பில், செய்தி கேட்டு ஓடிவரும் பெண்ணின் தகப்பனார் அடுப்பங்கரைக்குள் போய்க் குனிந்து பார்க்கிறார். ஸ்டவ் முழுசாக இருக்கிறது. அன்றைக்கு அதை யாரும் ஏற்றவே இல்லை.

தாள்களைத் திருப்பி அனுப்பிய அன்று மாலை டிரில் மாஸ்டரைக் காபிக்குக் கூப்பிட்டேன். அந்த ஸ்டவ்வில்தான் தண்ணீர் வைத்தேன். கரி பிடித்த தொட்டியை இன்னும் தேய்க்கவில்லை. அவரும் கேட்கவில்லை, சுடர் நீலமாக இருக்கிறதா என்று மட்டும் ஒரு தரம் எட்டிப் பார்த்துக்கொண்டார்.