நாவைப் பூட்டிவிட்டு நூலைத் திறப்பதா?

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் பாடமாக விளங்கும் ஏடுகளுள் ஒன்று, 1845இல் வெளிவந்த பிரெடரிக் டக்ளசின் தன்வரலாறு. எழுத்தறிவு அடிமைக்கு ஆகாது என்றனர் ஆண்டைகள். பால்டிமோர் தெருச் சிறுவர்க்கு ரொட்டியைத் தந்து எழுத்தைப் பெற்றான் அச்சிறுவன்! ஐம்பது சென்ட் கொடுத்துச் சொற்பொழிவுத் திரட்டொன்றை வாங்கினான். அதிலே ஓர் உரையாடல்: அடிமை வாதாடுகிறான், ஆண்டை தோற்கிறான், விடுதலை பிறக்கிறது.

அதைப் படித்துப் பழகிய நா, 1841இல் நான்டக்கெட் மேடையில் முழங்கிற்று. 'இத்துணை அழகாகப் பேசுபவன் அடிமையாய் இருந்தவனா?' என்று பின்னர்ச் சிலர் ஐயுற்றனர். அவர்க்கு விடையாக எழுந்ததே இந்நூல். பேச்சு பெற்ற பிள்ளை அது!

நூலின் சிறப்பு எது? அலங்காரமன்று, அளந்து சொல்லும் ஆற்றல். ஊரைச் சொல்கிறார், கொடியவர் பெயரைச் சொல்கிறார், தாம் தப்பிய வழியை மட்டும் சொல்லவில்லை. பின்வருவோர்க்கு அக்கதவு அடைபடலாகாதே! எதைச் சொல்வது, எதை விடுவது என்னும் தெளிவன்றோ பேச்சுக்கலை?

இத்தகைய ஏட்டை ஆண்டுக் கணக்காகவும் அருஞ்சொற் பட்டியலாகவும் சுருக்கி, விடைத்தாளில் புதைப்பது கல்வியாகுமா? 2010இல் வகுத்த பொதுப் பாடத் தரங்கள் பேசுதலையும் கேட்டலையும் சேர்த்தே வைத்தன. ஏட்டில் ஏறியது வகுப்பில் ஒலிக்கட்டும். ஒருவன் உரக்கப் படிக்கட்டும், ஒருத்தி 'ஏன்?' என எழட்டும். சான்றோடு மற்றொருவன் விடை பகரட்டும்.

வாய் திறக்கத் துணிந்தவனின் வரலாற்றை, வாய் பொத்திப் படிப்பது அவனுக்கு இழைக்கும் இரண்டாம் அநீதி!