குளம்படிச் சந்தம்

'புஷ் கவிதை' என்றதும் மரம், செடி, கொடி வருணனையை எதிர்பார்க்க வேண்டாம். நகரங்களுக்கு அப்பால் விரியும் உள்நாடு முழுவதையும் ஆஸ்திரேலியர்கள் 'புஷ்' என்கிறார்கள். மாடு ஓட்டுபவர், ஆட்டு ரோமம் கத்தரிப்பவர், வறட்சி, வெள்ளம் இவையெல்லாம் அதன் பாடுபொருள். ஆனால் பொருள் மட்டும் போதாது. சந்தம் பிசகாமல், அடியிறுதியில் இயைபு வந்து விழ வேண்டும். புதுக்கவிதை எழுதினால் புஷ் கவிதைக்காரர்கள் ஏற்பதில்லை. இந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருக்கிறது. மனப்பாடமாகச் சொல்லவென்றே பிறந்த கவிதைக்கு யாப்புதானே பிடிமானம்!

பாஞ்சோ பேட்டர்சன் 1890இல் சிட்னியின் 'புல்லட்டின்' இதழில் எழுதிய 'ஸ்னோயி ரிவர் மனிதன்' கவிதையைப் பாருங்கள். தப்பியோடிக் காட்டுக் குதிரைகளோடு சேர்ந்துவிட்ட ஒரு குட்டியைத் துரத்தி, மற்றவர்கள் தயங்கி நின்ற மலைச்சரிவில் ஓர் இளைஞன் பாய்ந்து இறங்குகிறான். வாய்விட்டுப் படித்தால் சந்தமே குளம்போசையாகிவிடும். ஆஸ்திரேலியாவின் 10 டாலர் நோட்டில் அந்தக் கவிதை வரிகள் நுண்ணெழுத்தில் அச்சாகியிருக்கின்றன.

பேட்டர்சன் சிட்னியில் வழக்கறிஞராக இருந்தவர். அவர் காட்டும் உள்நாடு அழகானது. இன்னொரு புஷ் கவிஞரான ஹென்றி லாசன் இதை ஒப்பவில்லை. 1892இல் அதே இதழில் இருவரும் செய்யுளாலேயே வாதாடினார்கள். அந்த ஆண்டே லாசன் பர்க் என்ற ஊருக்குப் போய், வறண்ட நிலத்தில் மூட்டையோடு நடந்து அலைந்தார். புழுதியும் வெக்கையும் தனிமையும் அவர் எழுத்தில் ஏறின. இருவர் எழுதியதும் புஷ் கவிதைதான். உரக்கப் படிக்கப் பேட்டர்சன்; இரவில் தனியாக இருக்கும்போது எனக்கு லாசன்.