கைகள் செய்த பிழை: சாது சுந்தர் சிங் மனமாற்றக் கதையில் மன்னிப்பின் இடம்

தமிழ்க் கிறித்தவ இலக்கிய ஆய்வுகள் பெரும்பாலும் காப்பியம், அம்மானை, கீர்த்தனை முதலிய செய்யுள் வகைகளையே மையமாகக் கொண்டு நிகழ்ந்து வந்துள்ளன. தேம்பாவணியும் இரட்சணிய யாத்திரிகமும் பெற்ற கவனத்தில் ஒரு சிறு பங்கைக்கூடச் ‘சாட்சி’ என்னும் எடுத்துரைப்பு வடிவம் பெறவில்லை. ஒருவர் தாம் விசுவாசத்துக்கு வந்த வரலாற்றைச் சபைமுன் எடுத்துச் சொல்லுதலே சாட்சி எனப்படும். இளையோர் கூட்டங்களிலும் விடுமுறை வேதாகமப் பள்ளிகளிலும் இன்றும் உயிர்ப்புடன் வழங்கும் வாய்மொழி வகை இது. முன்னைய வாழ்வு, நெருக்கடி, வெளிச்சம், கேட்போர்க்கான அழைப்பு என்னும் நான்கு படிகளில் இது பெரும்பாலும் அமையும். அவ்வாறு வழங்கும் கதைகளுள் தமிழகத்தில் பரவலாக அறியப்பட்ட ஒன்று, பஞ்சாபைச் சேர்ந்த சாது சுந்தர் சிங் தம் 15ஆம் அகவையில் மனம் மாறிய கதையாகும். இக்கதையில் காட்சி பெறும் இடத்தையும் மன்னிப்பு பெறும் இடத்தையும் ஒப்புநோக்கி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

கதையும் மூலங்களும்

சுந்தர் சிங் 1889 செப்டம்பர் 3ஆம் நாள் இராம்பூர் என்னும் சிற்றூரில் சீக்கியக் குடும்பமொன்றில் பிறந்தார். மகன் சாதுவாக வேண்டும் என்பது அன்னையின் விருப்பம். 14ஆம் அகவையில் அன்னையை இழந்த சிறுவன் மிஷன் பள்ளியில் கற்பிக்கப்பட்ட வேதாகமத்தை வெறுத்தான், போதகர்கள்மீது கல்லெறிந்தான், 1904 டிசம்பர் 16ஆம் நாள் தந்தையின் கண்முன்னே நற்செய்தி நூலைத் தீயிலிட்டான். செய்தது சரியே என எண்ணியும் அவனுக்கு அமைதி கிட்டவில்லை. கடவுள் உண்டெனில் வழிகாட்டட்டும், இல்லையேல் விடியற்காலை 5 மணித் தொடர்வண்டியின்முன் உயிரை விடுவது என்று முடிவு செய்து, 18ஆம் நாள் வைகறையில் வேண்டி நின்றான். அறையில் ஒளி நிறைந்தது. கண்ணனையோ புத்தரையோ எதிர்பார்த்தவன் கிறித்துவைக் கண்டான். எதுவரை என்னைத் துன்புறுத்துவாய் என்னும் வினாவைக் கேட்டான்.

இக்கதை முதலில் மேடையில் வளர்ந்து, பின்னரே ஏட்டில் ஏறியது. சாது 1918இல் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பயணம் செய்தபோது மொழிபெயர்ப்பாளர் துணையோடு பெருங்கூட்டங்களில் பேசினார். திருவிதாங்கூரில் இலண்டன் மிஷனைச் சார்ந்து பணியாற்றிய பார்க்கர் அம்மையார் எழுதிய வரலாறு அவ்வாண்டிலேயே சென்னையில் அச்சேறியது. 1921இல் ஸ்ட்ரீட்டரும் பாளையங்கோட்டையில் பிறந்த ஏ. ஜே. அப்பாசாமியும் இணைந்து எழுதிய நூல் வெளிவந்தது. சாதுவே தம் கதையை நூல்வடிவில் எழுதியது 1929இல். ஆகவே, கதைக்குள் வரும் சிறுவனுக்கும் கதையைச் சொல்லும் சாதுவுக்கும் இடையே பல்லாண்டுக் கால மேடைப் பயிற்சி நிற்கிறது. இவ்விருவரையும் ஒருவராகவே கொள்வது இக்கதையைப் பேசுவோர் பலரிடம் காணப்படும் குறை.

தந்தையின் சொல்

ஒளிக்காட்சியின் கட்டமைப்பு அப்போஸ்தலர் நடபடிகள் 9ஆம் அதிகாரத்தின் தமஸ்குச் சாலை நிகழ்ச்சியை ஒத்தது என்பது வெளிப்படை. எதிர்ப்பவனையே ஆட்கொள்ளுதல், ஒளி, துன்புறுத்தல் பற்றிய வினா ஆகிய மூன்றும் அங்கிருந்தே வருகின்றன. ஒப்புமை இத்துடன் நிற்கிறது. பவுல் தம் செயல் சரி என்னும் உறுதியுடன் சென்றவர். சிறுவனோ உறுதி குலைந்து இரவெல்லாம் விழித்திருந்தவன். எனவே இங்கு வினா வெளியிலிருந்து வருவதற்கு முன்னரே உள்ளே எழுந்துவிட்டது.

காட்சிக்குப் பின் சிறுவன் ஓடித் தந்தையை எழுப்புகிறான். தான் கிறித்தவன் என்கிறான். இரு நாட்களுக்கு முன்புதானே அந்நூலை எரித்தாய் என்று தந்தை நினைவூட்டுகிறார். பிற்கால வரலாறுகளில் சில, அக்கைகளின் பாவத்தைச் சாகும்வரை கழுவ இயலாது என்று சிறுவன் விடையிறுத்ததாகக் கூறும். கதை முழுவதிலும் பிழையுணர்வு வாய்விட்டு ஒலிக்கும் இடம் இதுவே. காட்சியின் பேரொளியில் இவ்விடம் எளிதில் மறைந்துவிடும். காட்சியில் தோன்றியவரின் கைகளிலும் தழும்புகள் இருந்தன என்னும் செய்தியை இதனோடு சேர்த்து நோக்கினால் ஒரு நுண்ணிய அமைப்பு புலனாகும். எரித்த கை ஒருபுறம், காயமுற்ற கை மறுபுறம். மன்னிப்பு என்னும் சொல்லைக் கதை விளக்கிச் சொல்லவில்லை. அவ்விரு கைகளையும் எதிரெதிரே நிறுத்துவதோடு அமைகிறது.

லூக்கா 15ஆம் அதிகாரத்துக் கெட்டகுமாரன் உவமையையும் இங்கு எண்ணிப் பார்க்கலாம். அங்கே மகன் பிழையை ஏற்றுத் திரும்புகிறான். தந்தை ஓடிவந்து தழுவுகிறார். இங்கே பிழையை ஏற்கும் மகனைத் தந்தை ஏற்கவில்லை. வீட்டிலிருந்து விலக்கப்பட்டதையும் உணவில் நஞ்சு கலக்கப்பட்டதையும் சாது பின்னர் எடுத்துரைத்தார். விண்ணகத்தில் கிட்டிய மன்னிப்பு இல்லத்தில் கிட்டாமல் போவதே இக்கதையின் உண்மையான முரண். ஒளியைக் கேட்டு வியக்கும் இளையோருக்குத் தம் வீட்டாரோடு தொடர்புடைய இம்முரணே நெருக்கமானது.

தொடர்வண்டியும் தடுக்கும் கையும்

மேடையில் இக்கதை சொல்லப்படும்போது அழுத்தம் பெறுவது தொடர்வண்டி. அது கடவுளுக்கு விதிக்கப்பட்ட கெடுவாக நின்று கேட்போரை மூச்சடக்கி அமரச் செய்கிறது. உத்தி என்ற அளவில் இது வெற்றியே. ஆயினும், உயிரைப் பணயம் வைத்தால் கடவுள் விடையளிப்பார் என்னும் பொருள் 14, 15 அகவையினர் செவியில் விழுவதற்கு இடமுண்டு. இவ்விடர்ப்பாட்டைச் சாட்சி சொல்வோர் உணர்ந்ததாகத் தெரியவில்லை.

தமிழ் மரபுக்கு இத்தகைய கட்டம் புதிதன்று. பெரியபுராணத்தில் அரிவாட்டாயர் தம் கழுத்தை அரியும்போதும், திருக்குறிப்புத்தொண்டர் கற்பாறையில் தலையை மோதும்போதும் இறைவன் கை தோன்றித் தடுக்கிறது. அவர்கள் கடவுளைச் சோதித்தவர் அல்லர். அமுதுபடி கமரில் சிந்தியதையும், கந்தையை உரிய பொழுதில் உலர்த்தித் தர இயலாமையையும் பொறுக்காது உயிர்விடத் துணிந்தவர்கள். அங்கே பிழையுணர்வு முந்தியது, தடுக்கும் கை பிந்தியது. சுந்தர் சிங் கதையை மேடையுரை தலைகீழாக்கிச் சோதனையை முன்னிறுத்திப் பிழையுணர்வைப் பின்தள்ளிவிடுகிறது. மூலநூல்களை நிதானமாகப் பயிலும்போதோ எரிப்பும் அமைதியின்மையுமே முதலில் வருகின்றன. தொடர்வண்டி அவற்றின் விளைவு.

சுந்தரமூர்த்தி நாயனார் தடுத்தாட்கொள்ளப்பட்ட வரலாறு இன்னும் நெருங்கிய ஒப்புமை உடையது. (பெயரொற்றுமை தற்செயலானது, அதன்மேல் ஆய்வு எதையும் எழுப்ப வேண்டியதில்லை.) மணப்பந்தலில் முதியவரை ஏசிய சொல்லே பின்னர்ப் பதிகத்தின் முதற்சொல்லாக அமைகிறது. வசைமொழி துடைக்கப்படாமல் துதிமொழியாக மாறி நிற்கிறது. எரித்த கைகளை மறவாமல் வாழ்நாள் முழுவதும் அந்நூலின் செய்தியையே சுமந்து திரிந்த சாதுவின் வாழ்வு இவ்வகையில் பொருள்கொள்ளத் தக்கது. பக்தி இலக்கியத்தையும் யோவான் நற்செய்தியையும் ஒப்பிட்டு ஆராய்ந்த அப்பாசாமி சாதுவால் ஈர்க்கப்பட்டமைக்கு இத்தகைய உறவும் ஒரு காரணமாகலாம்.

உண்மைத்தன்மை பற்றிய விவாதம்

1920களில் ஐரோப்பாவில் சாதுவின் கூற்றுகள் கடும் விவாதத்துக்கு உள்ளாயின. இயேசு சபையைச் சேர்ந்த ஹோஸ்டனும், சுவிட்சர்லாந்தின் உளப்பகுப்பாய்வாளரான போதகர் பிஃபிஸ்டரும் முரண்களைச் சுட்டி ஐயுற்றனர். ஹைலர் சாதுவுக்கு ஆதரவாக எழுதினார். நிகழ்ந்ததா, இல்லையா என்னும் வினாவோடு அவ்விவாதம் முடங்கியது. வாய்மொழிக் கதை ஒவ்வொரு கூற்றிலும் மாறுவது இயல்பு என்பதை நாட்டார் வழக்காற்றியல் அறிந்த தமிழ் ஆய்வாளர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. எம்மாற்றம் எந்த அவைக்காக நிகழ்ந்தது என்பதே பயனுள்ள வினா.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. காட்சி நிகழ்ந்தது 1904 டிசம்பரில். சிம்லாவில் திருமுழுக்கு நடைபெற்றது 1905 செப்டம்பர் 3ஆம் நாள், அவருடைய 16ஆம் பிறந்தநாளன்று. இடையில் எட்டு மாதங்களுக்கு மேல் கழிந்தன. வீட்டிற்கும் விசுவாசத்திற்கும் நடுவே ஓர் இளைஞன் அலைக்கழிந்த அக்காலத்தை மேடைக்கூற்று ஓரிரு தொடர்களில் கடந்துவிடுகிறது. தந்தை ஷேர் சிங்கின் பிற்கால வரலாறோ பெரும்பாலும் சொல்லப்படுவதே இல்லை. மகனை விலக்கிய அவர் ஆண்டுகள் பல கழிந்தபின் தாமும் கிறித்துவை ஏற்றார். 1920இல் சாது இங்கிலாந்து சென்றபோது பயணச் செலவைக் கொடுத்தவர் அவரே.