அட்டையும் அரிசியும்: பொது வழங்கல் கலைச்சொற்கள் குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

தமிழகத்தின் உணவுப் பங்கீடு, ‘அனைவருக்குமான பொது வழங்கல்’ எனப் போற்றப்படுகிறது. ‘நியாயவிலைக் கடை’, ‘கடத்தல்’, ‘குடும்ப அட்டை’ ஆகிய மூன்று சொற்கள் அம்முறையைத் தாங்கி நிற்கின்றன. தனித்தமிழ் இயக்கத்தின் முன்னோடியான மறைமலையடிகளின் பெயரைக் கொண்ட மறைமலை நகரையும் அதனையடுத்த ஒரகடம், திருப்பெரும்புதூர் தொழிற்பகுதியையும் கருத்திற்கொண்டு, இச்சொற்கள் உணர்த்துவனவற்றையும் மறைப்பனவற்றையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

விலையும் விலையின்மையும்

1967ஆம் ஆண்டுத் தேர்தலில், அரிசித் தட்டுப்பாட்டுக்கிடையே எழுந்த ‘ரூபாய்க்கு மூன்று படி’ என்னும் முழக்கம் விலையைப் பற்றியது. 2008இல் அரிசி கிலோ ஒரு ரூபாயானது. 2011 ஜூன் முதல் ‘விலையில்லா அரிசி’யானது. நியாயவிலைக் கடையில் விலையில்லாப் பொருள் என்பது வெறும் சொல்முரண் அன்று. கடைக்குள் விலையற்றிருக்கும் அரிசி, வாசலைக் கடந்ததும் மீண்டும் விலை பெறுகிறது. பங்கீட்டிலிருந்து பொருள் தப்பிச்செல்வதற்கு இவ்விடைவெளியே முதற்காரணம்.

1955ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பண்டங்கள் சட்டமும் அட்டைமுறை வழங்கலுக்கான 1982ஆம் ஆண்டு ஆணையும் இதனைத் தடுக்க முயல்கின்றன. ஆயின், அரிசியை மெருகேற்றி மூட்டை மூட்டையாக வெளிமாநிலத்திற்கு அனுப்பும் வணிகரையும், தாம் உண்ணாத அரிசியை அண்டைவீட்டாருக்கு விற்கும் குடும்பத்தையும் ‘கடத்தல்’ என்னும் ஒரே சொல்லால் சுட்டுவது ஏற்புடையதன்று. முன்னது ஆதாய வணிகம். பின்னது அரசின் பங்கீடு பொருந்தாத இடத்தில் மக்கள் செய்துகொள்ளும் மறுபங்கீடு.

குடும்பமும் முகவரியும்

அட்டையின் அலகு தனிமனிதர் அல்லர். ஒரு முகவரியில் வாழும் குடும்பம். தொழிற்பகுதியில் ஓர் அறையைப் பகிர்ந்துகொள்ளும் ஒப்பந்தத் தொழிலாளர், ஒரே அடுப்பில் பொங்கி உண்டாலும் குடும்பம் ஆவதில்லை. ‘ஒரே நாடு ஒரே குடும்ப அட்டை’ திட்டம் 2020 அக்டோபரில் தமிழகத்தில் நடைமுறைக்கு வந்தது. அதன்வழிப் பிறமாநில அட்டைதாரர் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வரும் தானியத்தைப் பெறலாம். மாநிலச் சிறப்புத் திட்டத்தின் துவரம்பருப்பும் பாமாயிலும் தமிழக அட்டைக்கே உரியன. மாநில நிதி மாநில அட்டைதாரருக்கே என்னும் வாதம் நிதி நோக்கில் பொருந்தலாம். ‘அனைவருக்கும்’ என்னும் சொல்லுக்கு அது பொருந்தாது.

முடிவுரை

கடையை விட்டு வெளியேறும் அரிசியைக் கண்காணிக்கச் சட்டமும் சொல்லும் உள்ளன. கடைக்குள் நுழைய இயலாத உழைப்பாளரைக் குறிக்க இக்கலைச்சொற்களுள் ஒரு சொல்லும் இல்லை. குடும்பத்தோடு வாழிடத்தையும் அலகாக ஏற்பதும், ஆதாயக் கடத்தலையும் மறுபங்கீட்டையும் வேறுபடுத்துவதும் சொற்சீர்திருத்தமாக மட்டும் அமையாமல், வழங்கல் நெறியின் சீர்திருத்தமாகவும் அமையும்.