ஹாகிஸுக்குக் கிடைத்த மரியாதை

ஜனவரி 25ஆம் தேதி இரவு, ஸ்காட்லாந்தின் விருந்துக் கூடங்களில் பேக்பைப் முழங்க ஒரு பதார்த்தம் ஊர்வலமாக வருகிறது. எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். ராபர்ட் பர்ன்ஸ் 1786இல் அந்தப் பதார்த்தத்தைப் புகழ்ந்து எழுதிய கவிதையை ஒருவர் உரக்கச் சொல்லி, குறித்த வரி வந்ததும் கத்தியால் அதைக் கிழிக்கிறார். உள்ளே இருப்பது ஆட்டின் இதயம், ஈரல், நுரையீரல்; கூடவே ஓட்ஸ், கொழுப்பு, வெங்காயம், மிளகு. எல்லாவற்றையும் கொத்தி ஆட்டின் இரைப்பையில் அடைத்து வேகவைத்தால் ஹாகிஸ்.

கவிஞர் இறந்து ஐந்தாண்டு கழித்து, 1801இல், அவர் பிறந்த ஆலோவே குடிசையில் நண்பர்கள் ஒன்பது பேர் கூடி உண்டதிலிருந்து வளர்ந்தது இந்த விருந்து. ஏழையின் உணவை நடுக்கூடத்தில் வைத்து எழுந்து நின்று வரவேற்பது லேசான காரியமல்ல. வீட்டில் குடலையும் தலைக்கறியையும் ருசித்துவிட்டு, விருந்தாளி வந்தால் பிரியாணிக்கு மாறிவிடும் நமக்கு இதில் கொஞ்சம் பொறாமைகூட வரலாம்.

சடங்குக்கு நெகிழ்வும் உண்டு. எடின்பரோவின் மக்ஸ்வீன் நிறுவனம் 1984இல் சைவ ஹாகிஸை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதையும் இன்று அதே மரியாதையோடு வெட்டுகிறார்கள். உணவில் நுரையீரலை அமெரிக்கா 1971இல் தடைசெய்த பிறகு, அங்குள்ள ஸ்காட்டியர் அது இல்லாமலே விருந்து நடத்துகிறார்கள். ஹாகிஸ் ஸ்காட்லாந்தின் தனிச்சொத்தா என்பதும் சந்தேகமே: 15ஆம் நூற்றாண்டின் ஆங்கிலச் சமையல் நூல் ஒன்றிலேயே அது இருக்கிறது. பிரெஞ்சுக் குழம்பான ராகூவை எள்ளி, ஹாகிஸைத் தன் மண்ணின் பெருமையாக்கியது பர்ன்ஸின் கவிதைதான். அதில் எனக்குக் குறையில்லை. மரபுகள் பெரும்பாலும் அப்படித்தான் பிறக்கின்றன.

என் குறை வேறு. இந்த ஒரு தட்டின் நிழலில் மற்ற சமையல் முழுதும் மறைந்துபோகிறது. குளிரும் ஈரமும் மிகுந்து கோதுமை சரியாக விளையாத மண்ணில் ஓட்ஸ் விளைந்தது. ஸ்காட்டியரின் அன்றாடச் சாப்பாடு அதன்மேல்தான் எழுந்தது. கஞ்சி, இரும்புக் கல்லில் சுட்ட பானக் ரொட்டி, ஓட்ஸ் மாவில் புரட்டிப் பொரித்த ஹெரிங் மீன். கல்லன் ஊரின் பெயரால் வழங்கும் சூப்பில் புகைபோட்ட ஹேடக் மீனும் உருளைக்கிழங்கும் பாலும் சேரும். மரியான் மக்நீல் 1929இல் வெளியிட்ட 'ஸ்காட்ஸ் கிச்சன்' நூலில் இப்படிப்பட்ட பண்டங்கள் நிறைய. ஹாகிஸ் அவற்றுள் ஒன்று, அவ்வளவே. ஆனால் வெளியூர்க்காரரிடம் ஸ்காட்லாந்து உணவு எது என்று கேட்டால் ஹாகிஸைத் தாண்டுவதில்லை. அதையும் இன்று பெரும்பாலோர் கடையில் வாங்கிச் சூடாக்குகிறார்களே தவிர, வீட்டில் செய்வதில்லை. கவிதையை மனப்பாடமாகச் சொல்பவருக்கு இரைப்பையைக் கழுவத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

ஆர்பிராத்தில் ஹேடக் மீனை இரண்டிரண்டாகக் கட்டி விறகுப் புகையில் வாட்டும் 'ஸ்மோக்கி'க்குக் கவிதையும் இல்லை, பேக்பைப்பும் இல்லை. 2004இல் கிடைத்த புவிசார் காப்பு, அவ்வூரைச் சுற்றி எட்டு கிலோமீட்டருக்குள் செய்ததே அந்தப் பெயரில் விற்கலாம் என்கிறது. ஊரையும் செய்முறையையும் சேர்த்துக் காக்கும் இந்த வழியே எனக்கு உறுதியானதாகப் படுகிறது. ஆனால் அது பெயரைக் காக்கும், பசியைத் தூண்டாது. உள்ளூரில் அந்தப் பசி குறைவுதான்: ஸ்காட்லாந்துக் கடலில் பிடிபடும் லாங்குஸ்டீன் என்னும் சிங்கி இறால் வகையில் பெரும்பகுதி ஸ்பெயினுக்கும், பர்ன்ஸ் கேலிசெய்த அதே பிரெஞ்சுக்காரர்களின் மேசைக்கும் லாரியேறிப் போய்க்கொண்டிருக்கிறது.