ஊடுபுள்ளியில் ஒரு கிளி

தஞ்சோங் பகாரில் மார்கழி பிறப்பதைப் பனி சொல்லாது, மழைதான் சொல்லும். டிசம்பர் நடுவில் வடகிழக்குப் பருவக்காற்று சாரலைத் தாழ்வாரத்துக்குள் தள்ளத் தொடங்கும். துவைத்த துணி காயாது, அப்பளம் நமுத்துப்போகும், டப்பாவில் இருக்கும் கோலமாவு கட்டிதட்டும். சிங்கப்பூரில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 1934 ஜனவரியில் பதிவான 19.4 டிகிரிதான். குளிர் என்று சொல்லிக்கொள்ள இங்கே இருப்பது அவ்வளவுதான். இருந்தாலும் விடிகாலை ஐந்தரைக்குக் கதவைத் திறந்து வெறுங்காலைத் தரையில் வைத்தால் உள்ளங்கால் சிலிர்க்கிறது. மார்கழி என்று நம்ப எனக்கு அந்தச் சிலிர்ப்பு போதும்.

இங்கே சூரியன் ஏழு மணியை ஒட்டித்தான் எழும். 1982 பிறந்தபோது கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளிவைத்தார்கள். அதனால் கோலம் போடும் பொழுது இங்கே நல்ல இருட்டு. தாழ்வாரத்து விளக்கு வெளிச்சத்தில்தான் போட வேண்டும். விளக்கு முதுகுக்குப் பின்னால் இருந்தால் நம் நிழலே கோலத்தின் மேல் விழும், கம்பி எங்கே கோணியது என்று தெரியாது. வெளிச்சம் எதிரே இருக்கும்படி உட்கார வேண்டும். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு மார்கழி பிடித்தது.

வாசல் என்று எனக்கு வாய்த்தது செருப்பு அலமாரிக்கும் இரும்புக் கேட்டுக்கும் நடுவே மூன்றடிக்கு மூன்றடி இடம். அப்பாயி பிறந்த ஊரில் வாசல் என்றால் தெரு அகலம். சாணம் தெளித்துப் பெருக்கிய ஈர மண்ணில் நின்றபடி குனிந்து, கையை வீசி இழுப்பார்களாம். அங்கே உடம்பே கோலம் போடும். இங்கே குந்தி உட்கார்ந்து, முழங்கையை முட்டியில் ஊன்றி, மணிக்கட்டை மட்டும் அசைத்துப் போட வேண்டியிருக்கிறது. இடம் சுருங்கியதால் கலையும் சுருங்கிவிட்டது என்று பலர் வருத்தப்படுகிறார்கள். எனக்கு அந்த வருத்தம் இல்லை. பெரிய வாசலில் ஒரு கம்பி கொஞ்சம் தடித்தால் யார் கண்ணிலும் படாது. மூன்றடிக்குள் பதினைந்து புள்ளி வைத்தவளுக்கு ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. கை எப்படிப்பட்டது என்பதைச் சின்னக் கோலம் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

மார்கழியில் நான் அதிகம் போடுவது கிளிக் கோலம். பதினைந்து புள்ளி, எட்டு வரை, ஊடுபுள்ளி. நடு வரிசையில் பதினைந்து, அதன் மேலும் கீழும் சந்தில் சந்தில் பதினான்கு, பதின்மூன்று என்று எட்டில் நிறுத்தினால் அறுகோணமாக மொத்தம் 169 புள்ளி விழும். புள்ளிக்குப் புள்ளி மூன்று விரல் இடைவெளி. நடுவில் ஆறு இதழ்ப் பூ, அதைச் சுற்றி ஆறு கிளி. கிளியின் அழகு முதுகில் இருக்கிறது. அலகு நுனியில் தொடங்கி, உச்சந்தலை வளைந்து, கழுத்தில் லேசாக ஒடுங்கி, முதுகு வழியாக வால் நுனிவரை ஒரே இழுப்பில் வர வேண்டும். நடுவில் கையை எடுத்தால் கிளிக்குக் கழுத்து ஒடிந்துவிடும். வால் கடைசி வரிசைப் புள்ளியைத் தொட்டு நிற்க வேண்டும், தாண்டக் கூடாது. கண்ணுக்கென்று தனியாக எதுவும் போடுவதில்லை. தலைக்குள் எந்தக் கம்பியிலும் சேராமல் விட்ட ஒரு புள்ளிதான் கண். மற்ற புள்ளிகளெல்லாம் கோட்டுக்குள் கரைந்துபோக, அந்த ஒன்று மட்டும் தனியாக நின்று நம்மைப் பார்க்கும். இதை முதலில் யோசித்தவள் யாரோ, எந்த ஊரோ. அவளை நினைக்காமல் நான் அந்தப் புள்ளியைக் கடந்ததில்லை.

தாத்தா ஹார்பர் போர்டில் வேலை பார்த்தார். அப்பாயியும் அவரும் குடியிருந்த காலத்துத் தஞ்சோங் பகாரில் துறைமுகத் தொழிலாளிகள், ரயில்வேக்காரர்கள், கடையநல்லூர், தென்காசி முஸ்லிம் குடும்பங்கள் என்று தமிழ் எங்கும் கேட்குமாம். மேக்ஸ்வெல் சாலையில் 1946இல் தொடங்கிய உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளி அந்தக் கடையநல்லூர்க்காரர்கள் உண்டாக்கியது. அந்த வீட்டுப் பெண்கள் இடித்துக் கொடுத்த அரிசி மாவில்தான் அப்பாயி கோலம் போட்டாள். கொஞ்சம் நறநறவென்று, ரவைக்கும் மாவுக்கும் நடுப்பதத்தில் இருக்குமாம். "மைய அரைச்சா கையில ஒட்டும், ஆயி. கையை விட்டு உதிரணும், ஆனா கொட்டக் கூடாது" என்பாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாவைத் தேய்க்கும்போது நடுவிரல் கீழே மடையாக நிற்கும். தேய்ப்பில் வேகம் கூடினால் கம்பி தடிக்கும், கை நகரும் வேகம் கூடினால் மெலியும். இரண்டையும் ஒரே சீராக வைத்திருப்பதுதான் வித்தை. திருப்பத்தில்தான் எல்லாருக்கும் கை தயங்கும், அங்கே மாவு குவியும். நல்ல கோலக்காரியின் திருப்பத்தில் குவியல் இருக்காது. யார் வாசலைப் பார்த்தாலும் என் கண் முதலில் போவது அங்கேதான். பிறகு, கம்பி தொடங்கிய இடமும் முடிந்த இடமும் சேரும் மூட்டு தெரிகிறதா என்று பார்ப்பேன்.

மாவுக்கு வருகிறேன். இந்த ஊர் ஈரக்காற்றில் பச்சரிசி மாவு ஒரு நாளில் சொணங்கிவிடும், மழைக்காலத்தில் காயவைக்க வெயிலும் இல்லை. வாணலியில் இளஞ்சூட்டில் நிறம் மாறாமல் புரட்டி, ஆறவைத்து, சலித்து எடுத்துக்கொள்கிறேன். சிராங்கூன் சாலைக் கடைகளில் கல்மாவுக் கோலப்பொடி சுலபமாகக் கிடைக்கிறது. அது வெள்ளை வெளேரென்று இருக்கும், கட்டி தட்டாது, கம்பியும் கூர்மையாக விழும். ஆனால் அதை எறும்பு தொடாது. அரிசி மாவின் வெள்ளையில் ஒரு பழுப்புச் சாயல் உண்டு, பால் போல. விடிந்து வெயில் சாய்வாக விழும்போது அது தரையோடு சேர்ந்து ஒளிரும். ஒட்டுக் கோலமும் அதே கடைகளில் தொங்குகிறது. வேலைக்கு ஓடுகிற வீட்டில் அது வாசலை வெறிச்சென்று விடாமல் காக்கிறது, நல்லதுதான். ஆனால் அதில் பார்ப்பதற்கு எனக்கு ஒன்றும் இல்லை. நேற்றைய கையும் இன்றைய கையும் வேறு வேறாக இருப்பதைப் பார்க்கத்தான் நான் கோலத்தின் எதிரே நிற்கிறேன். வண்ணப்பொடி நிரப்பிய ரங்கோலியும் எனக்குக் கொஞ்சம் தள்ளித்தான். வண்ணம் கம்பியின் குற்றத்தை மூடிவிடுகிறது. தவறை மூட வழியில்லாத வெள்ளைக் கோடுதான் எனக்கு உயர்ந்தது.

அந்த வெள்ளைக் கோட்டின் உச்சம் சிக்குக் கோலம். புள்ளியைத் தொடாமல் சுற்றிச் சுற்றி ஓடி, தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும் கம்பி. இதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது. நேர்ப்புள்ளியில் மூன்று வரிசைக்கு நான்கு புள்ளி வைத்து, குறுக்காகவே ஓடி ஓரத்தில் மட்டும் வளைந்து வந்தால் ஒரே கம்பியில் எல்லாப் புள்ளியும் அடங்கும். மூன்றுக்கு மூன்று வைத்தால் அடங்காது, மூன்று தனித்தனிக் கம்பி வேண்டும். நான்குக்கு ஆறு என்றால் இரண்டு. பள்ளியில் படித்த மீப்பெரு பொது வகுத்தி எத்தனையோ, அத்தனை கம்பி. அப்பாயிக்கு வகுத்தி தெரியாது. ஆனால் "மூணுக்கு மூணு வேணாம், சிக்கு அறுந்து அறுந்து போகும்" என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தாம்பரத்தில் சென்னைக் கிறித்துவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974இல் கோலத்துக்கு இலக்கணம் எழுதி, கணினியில் படம் வரைவது பற்றிய ஆய்விதழில் வெளியிட்டார்கள். வாசலில் குனிந்திருந்த பெண்கள் கையில் வைத்திருந்ததை ஒரு மொழியாகவே கண்டவர்கள் அவர்கள்.

என்னிடம் ஒரு பித்தளைக் கோலக்குழல் இருக்கிறது. ஒரு சாண் நீளம், கட்டைவிரல் பருமன், உடம்பெல்லாம் ஊசித்துளை. உள்ளே மாவை நிரப்பித் தரையில் உருட்டினால் துளை வழியாக உதிர்ந்து பட்டையாக ஓர் ஓரக்கோலம் விழும். சுங்கை ரோடு திருட்டுச் சந்தையில் வாங்கியது. ஜாலான் புசார் பக்கம் தரையில் துணி விரித்து, பழைய கடிகாரம், நாணயம், டிரான்சிஸ்டர், உடைந்த பொம்மை என்று பரப்பியிருப்பார்கள். 2017 ஜூலை 10ஆம் தேதியோடு அந்தச் சந்தை முடிந்துபோனது. மூடுவதற்கு முந்தைய ஆண்டு ஒரு மழை நாளில், ஸ்குரூடிரைவர் குவியலுக்குள் கறுத்துக் கிடந்தது இந்தக் குழல். விற்றவருக்கு அது என்னவென்று தெரியவில்லை. பத்து வெள்ளி கேட்டார், எட்டுக்குக் கொடுத்தார். வீட்டில் புளி போட்டுத் தேய்த்து, அடைந்திருந்த துளைகளை ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்தி எடுத்தேன். செய்தித்தாளை விரித்து முதல் தடவை உருட்டியபோது ஓர் அன்னம் வந்தது, பின்னால் இன்னொன்று, இன்னொன்று. கழுத்தை வளைத்து வரிசையாக நடக்கும் அன்னங்கள். மூன்றாவது அன்னத்துக்கு மட்டும் அலகில் ஒரு துளை குறைவு. குத்தியவர் மறந்திருக்கிறார். யார் வீட்டு வாசலில் எத்தனை மார்கழி இந்த அன்னங்கள் நடந்தனவோ. அந்தக் குறையை நான் சரிசெய்யவில்லை. நடுக்கோலத்தைக் கையால் போட்டுவிட்டுச் சுவரோரம் மட்டும் குழலை உருட்டுவேன்.

நான் குந்தியிருக்கும்போதே குயில் கூவத் தொடங்கிவிடும். இந்த ஊர்க் குயில்கள் இருட்டிலேயே ஆரம்பித்து விடியும்வரை ஓய்வதில்லை. தூக்கம் கெடுகிறது என்று திட்டுகிறவர்கள் உண்டு. ஆண்டாளின் திருப்பாவையில் பொழுது விடிந்ததற்குப் பறவைகள்தான் சாட்சி, ஏழாம் பாசுரத்தில் ஆனைச்சாத்தன் வந்து பேசுகிறது. எங்கள் புளோக்கில் அந்த வேலையைக் குயில் பார்க்கிறது. வெளிச்சம் வந்ததும் கொண்டைக்குருவி, பிறகு கூட்டமாக ஜாவா மைனா. 1920களில் கூண்டில் வந்து இறங்கிய பறவை இன்று ஊரையே பிடித்துக்கொண்டிருக்கிறது. மழை விட்ட மாலைகளில் வடக்கிலிருந்து குளிருக்குத் தப்பி வந்த தகைவிலான்கள் கட்டடங்களுக்கு நடுவே தாழப் பறக்கும். அதே இனம் இதே மாதங்களில் தமிழ்நாட்டு வயல்களின் மேலும் பறக்கும் என்பதில் எனக்கு ஓர் ஆறுதல்.

ஒரு மார்கழியில் தாழ்வாரத்துத் தொட்டிச் செடியில் தேன்சிட்டு கூடு கட்டியது. நாரும் பஞ்சும் காய்ந்த இலையும் சிலந்தி நூலால் கட்டிய, சுரைக்காய் போலத் தொங்கும் கூடு. கோலத்துக்கு நேர் மேலே, என் தலைக்கு ஒரு முழம் தள்ளி. பெண் சிட்டு வாயிலில் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும், நான் கீழே கிளிக்கு முதுகு இழுத்துக்கொண்டிருப்பேன். அந்த மூன்று வாரமும் வாளித் தண்ணீரை ஓசைப்படாமல் தெளித்தேன். கூடு நெய்த நேர்த்திக்கு முன்னால் என் கம்பி கொஞ்சம் கூச்சப்பட்டது உண்மை.

அரிசி மாவில் கோலம் போடுவது எறும்புக்கும் குருவிக்கும் தீனி என்று சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். விஜயா நாகராஜன் கோலத்தைப் பற்றி எழுதிய பெரிய புத்தகத்துக்கு ஆயிரம் உயிர்களுக்கு ஊட்டுவது என்ற பொருளில்தான் பெயர். சிங்கப்பூரில் 2020 ஜூன் முதல் புறா உட்படக் காட்டுயிர்களுக்குத் தீனி போடுவது சட்டப்படி குற்றம். எலியும் காக்கையும் பெருகுகிற அடுக்குமாடி ஊரில் அது தேவையான சட்டம் என்றே நினைக்கிறேன். அதனால் மாவைத் தாராளமாக இறைப்பதில்லை, எறும்புக்குக் காணும் அளவோடு கம்பியை மெலிதாக இழுக்கிறேன். மெல்லிய கம்பி இழுக்கக் கற்றுக்கொண்டது அப்படித்தான், கையும் அதனால் தேறியது. பத்து மணிக்குள் எறும்புகள் வாலிலிருந்து கிளியைப் பிரிக்கத் தொடங்கிவிடும்.

பொங்கல் நெருங்க நெருங்க ஊர் முழுக்க அலங்காரம் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறும். கிறிஸ்துமஸ் விளக்குகள் இறங்குவதற்குள் சைனாடவுனில் சீனப் புத்தாண்டுக்குச் சிவப்பு விளக்குகள் ஏறும், லிட்டில் இந்தியாவில் சிராங்கூன் சாலைக்கு மேலே வளைவுகள் மின்னும், கேம்பல் லேனில் கரும்பும் மண்பானையும் மாடுகளைப் பார்க்க வந்த பிள்ளைகளுமாக இருக்கும். நான் கியோங் சாய்க் சாலைக்கு நடந்து போவேன். அங்கே நகரத்தார் 1925இல் கட்டிய லயன் சித்தி விநாயகர் ஆலயம் இருக்கிறது. பழைய சிப்பாய் லைன்ஸ் பக்கம் இருந்த பிள்ளையார் என்பதால் லயன் பிள்ளையார். செட்டிநாட்டு வீடுகளில் பொங்கலுக்குப் போடும் நடுவீட்டுக் கோலம் பற்றி அங்கே பழக்கமான ஓர் ஆச்சிதான் எனக்குச் சொன்னார். ஊறவைத்து அரைத்த மாவைத் துணியில் நனைத்து, மோதிர விரல் வழியே ஒழுகவிட்டு இழுப்பது. "பொடி தப்பினா ஊதிரலாம், மாக்கோலம் தப்பினா தப்பினதுதான்" என்றார் ஆச்சி. காய்ந்தபிறகுதான் அதன் வெண்மை எழும். போடும்போது கண்ணுக்கே தெரியாத கோலம் அரை மணி கழித்துத் தரையிலிருந்து மேலே வருவதைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

இந்தப் போகியன்று எதிர்வீட்டுச் சீனப் பாட்டி கதவில் சிவப்புக் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தார். தொட்டியில் சின்ன ஆரஞ்சுச் செடியும் வைத்திருந்தார். மார்கழி முழுக்க, கோலத்தை மிதிக்காமல் சுவரோரம் ஒதுங்கி நடந்தவர் அவர். காலையில் என்னைக் கண்டதும் மலாயில் ஒரே கேள்விதான் கேட்பார்: "ஹாரி இனி பூருங் அப்பா?" இன்றைக்கு என்ன பறவை? கிளி என்பேன், அன்னம் என்பேன். அன்றைக்கு அவரே முந்திக்கொண்டு, நாளைக்கு என்ன என்று கேட்டார்.

மயில் என்று சொல்லிவிட்டேன். பத்தொன்பது புள்ளி, பத்து வரை, ஊடுபுள்ளி, மொத்தம் 271. பாத்திரம் கழுவி முடித்துவிட்டு இரவு பதினொரு மணிக்குத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, செருப்பு அலமாரியிலிருந்து கேட்டுவரை மூன்று மூன்று விரலாக அளந்தேன். தோகையின் கடைசிப் புள்ளி கேட்டின் சக்கரத்தில் முட்டியது. அலமாரியை ஓர் அங்குலம் உள்ளே தள்ளிவைத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து அளக்கத் தொடங்கினேன்.