மூன்றில் ஒரு பைண்ட் பால்

பிரிட்டனில் 1940களின் கடைசியிலும் 50களிலும் பள்ளிக்கூடம் போனவர்களின் நினைவுக்குறிப்புகளைப் படித்துக்கொண்டே போனால், சீக்கிரமே ஒரு பால் புட்டி வந்துவிடும். சின்னக் கண்ணாடிப் புட்டி. மூன்றில் ஒரு பைண்ட், நம் கணக்கில் சுமார் 190 மில்லி. குளிர்காலத்தில் பால் உறைந்து மேலே எழும்பி, மூடியைத் தலையில் தொப்பி மாதிரி தூக்கிக்கொண்டு நிற்கும். அதை உருக்க டீச்சர் அடுப்புப் பக்கமாகத் தள்ளி வைப்பார். இடைவேளையில் குடிக்கும்போது அது வெதுவெதுவென்று குமட்டும். பாலை விநியோகிக்கிற பையனுக்குத் தனி அந்தஸ்து. இதை எழுதாத ஆளே இல்லை என்று சொல்லலாம்.

பாலுக்குப் பின்னால் மற்ற சாமான்கள் வரிசையாக வரும். மேசையில் பதித்த மைக்கூடு, முழங்காலைச் சிவக்க வைக்கிற அரைக்கால் சட்டை, நிலக்கரி அடுப்பு, தோட்டத்துக் கோடியில் கக்கூஸ், வாரத்துக்கு ஒருமுறை தகரத் தொட்டியில் குளியல், மிட்டாய்க்கு ரேஷன். கூடவே பிரம்படி. அடித்த வாத்தியாரைப் பற்றி எழுதும்போது பலருக்கும் ஒரு செல்லம் வந்துவிடுகிறது, அது ஏன் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. (அரசுப் பள்ளிகளில் பிரம்பு சட்டப்படி ஒழிந்தது 1987இல்தான்.)

இந்த வகை எழுத்தை நான் வெறுப்பவன் இல்லை. புலன்களுக்குப் பட்டதை இவ்வளவு துல்லியமாக வேறு யாரும் சொல்வதில்லை. ஆனால் நிறையப் படித்தபிறகு ஒரு பழக்கம் கண்ணில் பட ஆரம்பிக்கிறது. மனிதர்கள் உட்கார்ந்து எடுத்த தீர்மானங்கள் எல்லாம் இந்த நினைவுகளில் மழை, பனி மாதிரி ஆகிவிடுகின்றன. பால் வந்தது. ரேஷன் இருந்தது, அப்புறம் போனது. சிலர் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள், சிலர் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு. யார் செய்தது, ஏன் செய்தது என்ற பேச்சே கிடையாது.

லண்டன் புகைமூட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கை நீட்டினால் விரல் தெரியாது, பஸ்ஸுக்கு முன்னால் கண்டக்டர் விளக்கைப் பிடித்துக்கொண்டு நடப்பார், பள்ளியைச் சீக்கிரம் விடுவார்கள் என்று குஷியாக எழுதுவார்கள். 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை கவிந்த மூட்டத்தில் இறந்தவர்கள் அன்றைய கணக்கில் 4,000 பேர், பிந்தைய ஆய்வுகளின்படி 12,000 வரை. நல்ல நிலக்கரி ஏற்றுமதிக்குப் போக, மட்டமான கரி வீட்டு அடுப்புகளுக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. வானிலைக்கும் அதில் பங்கு உண்டுதான், ஆனால் கரி வானத்திலிருந்து விழவில்லையே.

சரி, பால் எப்படி வந்தது? 1934இலேயே பள்ளிகளில் அரைப் பென்னிக்குப் பால் விற்கிற திட்டம் இருந்தது. பிள்ளைகள் மேல் இருந்த கரிசனத்துக்குச் சமமாக, விற்காமல் தேங்கிய பாலைப் பற்றிய கவலையும் அதன் பின்னால் இருந்தது. காசில்லாமல் எல்லாப் பிள்ளைக்கும் கிடைத்தது 1946ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு. அப்போது கல்வி அமைச்சர் எலன் வில்கின்சன். வேலையில்லாமல் வாடிய ஜாரோ ஊர்க்காரர்கள் 1936இல் லண்டனுக்கு நடந்தே போனார்களே, அவர்களோடு நடந்த எம்.பி. இவர்தான். 1947 பிப்ரவரியில், பதவியில் இருக்கும்போதே இறந்துபோனார். பால் நினைவுகளில் இவர் பெயரைத் தேடினால் கிடைப்பது அபூர்வம். 1971இல் ஏழு வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பாலை நிறுத்திய மார்கரெட் தாட்சரை மட்டும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. 1968இலேயே உயர்நிலைப் பள்ளிகளுக்கு நிறுத்தியது லேபர் அரசு என்பதும் மறந்துபோனது. பிடுங்கியவர் பெயராவது தங்கியதே, கொடுத்தவர் பெயர் தங்கவில்லை.

இதனால் என்ன ஆகிறது என்றால், இலவசப் பால், மதிய உணவு, 1948இல் பிறந்த தேசிய மருத்துவ சேவை எல்லாவற்றிலும் வளர்ந்த ஒரு தலைமுறை, ‘எங்களுக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை, நாங்களாகவே தட்டுத் தடுமாறி வளர்ந்தோம், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத்தான் எல்லாம் தட்டில் வருகிறது’ என்று எழுதுகிறது. அதே பக்கத்தில் பால் புட்டியும் இருக்கிறது! இதைக் கிண்டல் செய்ய வெகுகாலம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. 1967இலேயே ஒரு தொலைக்காட்சி நகைச்சுவை வந்துவிட்டது. நாலு பணக்கார யார்க்ஷயர்காரர்கள் உட்கார்ந்து, யார் சின்ன வயசில் அதிகம் கஷ்டப்பட்டது என்று போட்டி போட்டுப் பீற்றிக்கொள்வார்கள். பின்னாளில் மாண்டி பைத்தான் குழு மேடையில் நடித்துப் பிரபலமாக்கியது. அதைப் பார்த்துச் சிரித்தவர்களே பிற்பாடு அதே ரீதியில் எழுத உட்கார்ந்தார்கள் என்று நினைக்கிறேன்.

இன்னொரு விஷயம், இது தமிழில் யோசித்தால்தான் சட்டென்று பிடிபடும். இந்த எழுத்து முழுக்க ‘we’ என்கிற ஒரு சொல்லின் மேல் நிற்கிறது. ஆங்கிலத்தில் ஒரு ‘வீ’தான். தமிழில் சொல்லப் போனால் நாமா, நாங்களா என்று முடிவு செய்தாக வேண்டும். இந்த நினைவுக்குறிப்புகளின் ‘வீ’ எப்போதும் நாம் என்கிற தோரணையில் பேசும். கூர்ந்து பார்த்தால் நாங்கள்.

அந்த நாங்கள் யார்? 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்குப் பிறகு, பதினோரு வயசில் ஒரு தேர்வு வந்தது, லெவன் பிளஸ். தேறினால் கிராமர் ஸ்கூல், லத்தீன், பல்கலைக்கழகத்துக்கு வழி. தேறாவிட்டால் பெரும்பாலும் செகண்டரி மாடர்ன், பதினைந்து வயசில் வேலைக்கு. நாடு முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் கிராமர் ஸ்கூலுக்குப் போனவர்கள் ஐந்தில் ஒருவர், கொஞ்சம் தாராளமாகச் சொன்னால் நாலில் ஒருவர். ஊருக்கு ஊர் இந்த விகிதம் மாறும், காரணம் பிள்ளைகளின் புத்தி இல்லை, அந்த ஊரில் எத்தனை இடம் இருந்தது என்பது. பெண்களுக்கு இடம் குறைவாக இருந்த பல ஊர்களில் பையன்களைவிட அதிக மதிப்பெண் வாங்கினால்தான் அவர்களுக்கு இடம்.

புத்தகம் எழுதியவர்களில் பெரும்பாலோர் தேறியவர்கள். தேறாதவர்களின் கதை துண்டு துண்டாகத்தான் வருகிறது. அதில் பிரபலமானது, டோனி பிளேரின் துணைப் பிரதமராக இருந்த ஜான் பிரெஸ்காட் சொன்னது. அவர் லெவன் பிளஸில் தோற்றார். அவர் விரும்பிய பெண் தேறிப் போய்விட்டாள். அவளுக்கு ஒரு காதல் கடிதம் எழுதினார். கடிதம் திரும்பி வந்தது, எழுத்துப்பிழைகளைத் திருத்தி! துணைப் பிரதமர் ஆனபிறகும் அவருக்கு அது ஆறவில்லை. ஆறாது. பதினோரு வயசுக் குழந்தைகளை ஒரே நாளில் இரண்டாகப் பிரித்தால், எழுத்துப்பிழை திருத்துகிறவளும் திருத்தப்படுகிறவனும் உண்டாகத்தான் செய்வார்கள்.

இந்த வகையின் மூலபுருஷர் என்று ரிச்சர்ட் ஹாகர்ட்டைச் சொல்லலாம். 1957இல் வந்த ‘தி யூசஸ் ஆஃப் லிட்டரஸி’ லீட்ஸ் நகரத் தொழிலாளர் குடும்ப வாழ்க்கையை, அடுப்பு, அம்மா, ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு என்று அருமையாகச் சொல்லும். உதவித்தொகையில் படித்து மேலே போகிற பையன் வீட்டிலும் ஒட்டாமல் வெளியிலும் ஒட்டாமல் நிற்கிறதைப் பற்றிய பகுதிக்காகவே அதை வாசிக்கலாம். ஆனால் இரண்டாம் பாதியில் ஹாகர்ட் அன்றைய இளவட்டங்களைத் திட்ட ஆரம்பிக்கிறார். மில்க் பாரில் ஜூக் பாக்ஸுக்குக் காசு போட்டுக்கொண்டு, அமெரிக்க மோகத்தில் வெறித்துப் பார்த்தபடி நிற்கிற பையன்கள். இவர்களுக்கு வேரும் இல்லை, பண்பாடும் இல்லை என்கிறார். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1957இல் பதினேழு வயசுப் பையன் 1940இல் பிறந்தவன். இன்றைக்குப் பால் புட்டியையும் மைக்கூட்டையும் நினைத்து உருகி, செல்போன் பிள்ளைகளைத் திட்டுகிற அதே தாத்தா! பொற்காலம் என்று அவர் சொல்கிற காலத்தின் நடுவிலேயே, அவரைக் காட்டித்தான் பொற்காலம் போச்சு என்று எழுதினார்கள். 1959இல் சக்கைப்போடு போட்ட லாரி லீயின் ‘சைடர் வித் ரோஸி’யும் முதல் உலகப் போருக்குப் பிந்தைய கிராமத்தை எண்ணி ஏங்குகிற புத்தகம்தான்.

அதே 1959இல் இன்னொரு புத்தகமும் வந்தது, ஐயோனா, பீட்டர் ஓபி தம்பதியின் ‘தி லோர் அண்ட் லாங்வேஜ் ஆஃப் ஸ்கூல்சில்ட்ரன்’. என் மதிப்பில் அந்தக் காலத்துப் பள்ளி வாழ்க்கையைப் பற்றிய ஆகச் சிறந்த நூல் இது. காரணம் எளிது. இதில் யாரும் எதையும் நினைவுகூரவில்லை. எழுபது பள்ளிகளைச் சேர்ந்த ஐயாயிரம் பிள்ளைகள் அன்றைக்குச் சொன்னதை அன்றைக்கே எழுதி வைத்திருக்கிறார்கள். பட்டப்பெயர், விடுகதை, சத்தியம் செய்கிற முறை, கோள்சொல்லியைத் திட்டுகிற பாட்டு என்று எல்லாம். விளையாட்டில் ‘கொஞ்சம் நிறுத்து, என்னைத் தொடாதே’ என்பதற்கு ஊருக்கு ஊர் என்ன சொல் என்று வரைபடமே போட்டிருக்கிறார்கள். லண்டன் பக்கம் ஃபெய்னைட்ஸ், டர்ஹாம் பக்கம் ஸ்கின்ச், பிரிஸ்டல் பக்கம் க்ரீ, ஸ்காட்லாந்தில் பார்லி. இந்தப் பார்லி 14ஆம் நூற்றாண்டுக் கவிதை வரைக்கும் பின்னால் போகிறது என்கிறார்கள். 1936இல் அரசர் எட்டாம் எட்வர்ட் சிம்ப்சன் சீமாட்டிக்காக முடி துறந்தபோது, ஒரு கிறிஸ்துமஸ் பாட்டைக் கேலியாக மாற்றிப் பிள்ளைகள் பாடியது சில வாரங்களில் நாடு முழுக்கப் பரவிவிட்டதாம். ரேடியோவோ பத்திரிகையோ அதைத் தொட்டிருக்கவே முடியாது.

ஓபி தம்பதி அந்தப் பிள்ளைகளைப் புனிதர் ஆக்கவில்லை. குண்டாக இருப்பவனை, கண்ணாடி போட்டவனை, அழுகிறவனை என்னென்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று பட்டியலே இருக்கிறது. அந்தக் காலத்தில் பிள்ளைகள் ஒற்றுமையாக விளையாடினார்கள் என்று உருகுகிறவர்கள் அந்தப் பக்கங்களை ஒருதரம் புரட்டலாம். பிள்ளைகள் இப்போதெல்லாம் விளையாடுவதே இல்லை, சினிமாவும் டிவியும் கெடுத்துவிட்டன என்ற புலம்பல் அப்போதே இருந்ததையும், அதை நம்பாமல்தான் தேடிப் போனோம் என்பதையும் அவர்களே சொல்கிறார்கள்.

நினைவுக்குறிப்பு வகையை உள்ளிருந்தே உடைத்தவர் கரோலின் ஸ்டீட்மன். வரலாற்றாசிரியர், 1947இல் பிறந்தவர், தென் லண்டனில் வளர்ந்தவர். 1986இல் வந்த ‘லேண்ட்ஸ்கேப் ஃபார் எ குட் உமன்’ அவருடைய அம்மாவைப் பற்றியது. ஹாகர்ட்டின் அம்மாக்கள் அடுப்படியில் பொறுமையாக உட்கார்ந்திருப்பவர்கள், தனக்கென்று எதையும் கேட்காதவர்கள். ஸ்டீட்மனின் அம்மா கேட்டார். லங்காஷயரின் பர்ன்லி நெசவுக் குடும்பத்திலிருந்து வந்தவர், லேபர் பாரம்பரியத்தில் பிறந்து கன்சர்வேடிவ் கட்சிக்கு ஓட்டுப் போட்டவர். கிறிஸ்டியன் டியோர் 1947இல் ‘நியூ லுக்’ என்று கொண்டுவந்தாரே, கஜக்கணக்கில் துணி விழுங்குகிற அகலப் பாவாடை, அது வேண்டும் என்று ஆசைப்பட்டார். துணிக்கே ரேஷன் இருந்த காலம். கிடைக்காததன் கசப்பைப் பிள்ளைகளிடம் காட்டினார், உங்களால்தான் என்று. ஏழ்மையிலும் நிறைவு என்ற பல்லவிக்கு இங்கே வேலையே இல்லை. பொறாமையை ஓர் அரசியல் உணர்ச்சியாகப் பார்க்க வேண்டும் என்கிறார் ஸ்டீட்மன். கசப்பான வாதம்தான், எனக்குச் சரியாகப் படுகிறது.

இந்தப் புத்தகத்திலும் பால் வருகிறது. ஆனால் குமட்டலாக இல்லை. பால், ஆரஞ்சு ஜூஸ், பள்ளிச் சாப்பாடு இவையெல்லாம் சேர்ந்து, நீ இந்த உலகத்தில் இருக்க உரிமை உள்ளவள் என்று தனக்குச் சொல்லாமல் சொன்னதாக எழுதுகிறார். வீட்டில் அம்மா சொல்லாததை அரசாங்கம் சொன்னது. பால் புட்டியைப் பற்றி நான் படித்ததிலேயே நேர்மையான வரிகள் இவை. அதற்காக அரசாங்கத்தைத் தூக்கி வைத்துக் கொண்டாடவும் இல்லை. தங்கை பிறந்த சமயம், ஸ்டீட்மனுக்கு நாலு வயசு. குழந்தையைப் பார்க்க வந்த அரசாங்க சுகாதாரப் பணிப்பெண், இந்த வீடு ஒரு குழந்தைக்கு லாயக்கில்லை என்று சொல்லிவிட்டுப் போகிறாள். திரைச்சீலைகூட இல்லாத அறையில் நின்று அம்மா அழுகிறார். மகள் அதை ஆயுசுக்கும் மன்னிக்கவில்லை. பால் கொடுத்ததும் அதே ஏற்பாடுதான், அவமானப்படுத்தியதும் அதே ஏற்பாடுதான். ஏக்க எழுத்து இரண்டையும் சொல்வதில்லை.

லோர்னா சேஜின் ‘பேட் பிளட்’ (2000) வாசிக்கச் சுகமானது. இங்கிலாந்து எல்லையை ஒட்டிய ஹான்மர் என்ற வேல்ஸ் கிராமம், குடியும் பெண் சகவாசமுமாகத் திரிந்த பாதிரியார் தாத்தா, அவருடைய நாட்குறிப்பைக் கைப்பற்றி அவரையே மிரட்டிப் பணம் பறித்த பாட்டி. தாத்தா செத்தபிறகு புத்தகம் கொஞ்சம் தொய்கிறது, அவ்வளவு சுவாரசியமான கெட்டவர். ஆனால் சேஜ் லெவன் பிளஸ் தேறியவர், கிராமத்துப் பள்ளி மற்ற பிள்ளைகளை எதற்குத் தயார் செய்தது என்பதை மறக்காதவர். பதினாறு வயசில் கர்ப்பம், கல்யாணம், குழந்தை பிறந்த கையோடு பரீட்சை. 1964இல் டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் அவரும் கணவரும் இருவருமே முதல் வகுப்பு. இந்தப் புத்தகத்துக்கு விட்பிரெட் விருது கிடைத்த ஒரு வாரத்தில், 2001 ஜனவரியில் காலமானார்.

வாசிக்க நினைப்பவர்கள் சேஜில் ஆரம்பியுங்கள். ஸ்டீட்மன் கொஞ்சம் முரடு. சொந்தக் கதையை நிறுத்திவிட்டு ஃப்ராய்டின் டோராவுக்கும், ஹென்றி மேஹ்யூ சந்தித்த கீரை விற்கிற எட்டு வயசுச் சிறுமிக்கும் தாவிப் போவார். பாதியில் மூடி வைக்கத் தோன்றும். மூட வேண்டாம், கீரைக்காரச் சிறுமி வருகிற இடம் வரைக்குமாவது போய்விடுங்கள். ஓபி தம்பதியின் புத்தகத்தை வரிசையாகப் படிக்கவே தேவையில்லை, எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் யாராவது ஒரு பிள்ளை கத்திக்கொண்டிருக்கும்.